350 டாலர் ஒரு கவுன்ட்டரில், 185 டாலர் இன்னொன்றில்: அமெரிக்க மாணவர் விசா கட்டணத் தளங்கள் எப்படி?

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர் விசாவுக்காக அந்த நாட்டு அரசாங்கத்துக்கு இரண்டு கட்டணம் கட்ட வேண்டும். முதலாவது ஐ-901 செவிஸ் கட்டணம் (செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு பதிவுசெய்துவைக்கும் கணினி அமைப்பு); எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவருக்கு 350 டாலர். இரண்டாவது விசா விண்ணப்பக் கட்டணம், 185 டாலர். எம்ஆர்வி ஃபீஸ் என்று எல்லோரும் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். முதல் பணம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது, இரண்டாவது வெளியுறவுத் துறைக்கு. தளம் வேறு, ரசீது வேறு, விதியும் வேறு. "விசா ஃபீஸ் கட்டியாச்சு" என்று ஒருவர் சொன்னால், எதைக் கட்டினார் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு தளங்களையும் பற்றிய எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐ-901 தளம் பார்க்கப் பழசு, பயன்படுத்த நல்லது: ஐந்துக்கு நான்கு. விசா கட்டணம் கட்டும் போர்ட்டல் பார்க்கப் புதுசு, பயன்படுத்தக் கஷ்டம்: ஐந்துக்கு இரண்டரை. இரண்டிலுமே பணம் கட்டுவது பெரிய வேலை இல்லை. கட்டிய பணம் சரியான எண்ணோடும் சரியான பெயரோடும் போய் ஒட்ட வேண்டும், வேலை அதில்தான். கார்டு யாருடையது என்பதைப் பற்றி அமெரிக்காவுக்குக் கவலை இல்லை. சித்தப்பா கார்டாக இருக்கலாம், நியூஜெர்சியில் இருக்கும் அத்தை கார்டாகவும் இருக்கலாம். எண்தான் முக்கியம்.

ஐ-901 தளம்

முகவரி எஃப்எம்ஜேஃபீ டாட் காம். எஃப், எம், ஜே என்பவை படிப்பு மற்றும் பரிமாற்ற விசா வகைகளின் எழுத்துகள். முதல் குறை இந்த முகவரியிலேயே இருக்கிறது. அரசாங்கக் கட்டணம் வாங்கும் தளம் டாட் காமில் முடிகிறது. டாட் கவ் என்று முடிந்தால்தான் அமெரிக்க அரசுத் தளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 350 டாலரை டாட் காமில் கட்டச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இதே போன்ற பெயரில் போலித் தளம் வைப்பவனுக்கும் இது வசதி. கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பர இணைப்பைத் தட்டாதீர்கள். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். அல்லது ஐஸ் எனப்படும் குடிவரவு மற்றும் சுங்க அமலாக்க அமைப்பின் டாட் கவ் தளத்தில் செவிஸ் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து வாருங்கள். 350க்கு மேல் "பிராசஸிங் சார்ஜ்" என்று தனியாக ஒரு வரி வந்தால் நீங்கள் நிற்பது தப்பான இடம்.

நல்லது என்ன என்றால், இங்கே கணக்குத் தொடங்க வேண்டாம். யூசர் ஐடி, பாஸ்வேர்டு, பாதுகாப்புக் கேள்வி எதுவும் கிடையாது. கடைசிப் பெயர், பிறந்த தேதி, செவிஸ் எண் மூன்றையும் கொடுத்தால் உள்ளே போகலாம். பணம் கட்டி ஆறு மாதம் கழித்து ரசீதைத் தொலைத்துவிட்டாலும் அதே மூன்றைக் கொடுத்து மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். அரசாங்கத் தளங்களில் இது அபூர்வம்.

ஆனால் அந்த மூன்றையும் சரியாகக் கொடுப்பதில்தான் வழுக்கல்.

செவிஸ் எண், சேர்க்கை கிடைத்ததும் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் மேலே இருக்கும். ஆங்கில 'என்' எழுத்து, பின்னால் 10 இலக்கங்கள். கல்லூரி கொடுத்த மாணவர் எண் வேறு, விண்ணப்ப எண் வேறு. அவற்றை இங்கே போடக்கூடாது. எண்ணில் அடுத்தடுத்து பூஜ்யங்கள் வரும்போது ஒன்றை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். பிடிஎஃபிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு முன்னும் பின்னும் வெற்றிடம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிக் குறியீடு என்று இன்னொன்றும் கேட்பார்கள். இதுவும் ஐ-20இலேயே, பள்ளி விவரங்கள் இருக்கும் கட்டத்தில் கிடைக்கும். மூன்று ஆங்கில எழுத்து, பிறகு 214, பிறகு 'எஃப்', அதன் பின் எட்டு இலக்கம். 'எஃப்'புக்குப் பின்னால் இருப்பது எல்லாம் எண்தான், 'ஓ' எழுத்து கிடையாது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வளாகத்துக்கு வளாகம் குறியீடு மாறலாம் என்பதால் நண்பனின் ஐ-20ஐப் பார்த்து நிரப்ப வேண்டாம். ஜே-1 என்னும் பரிமாற்ற விசா ஆட்களுக்கு ஐ-20க்குப் பதில் டிஎஸ்-2019 படிவம். பள்ளிக் குறியீட்டுக்குப் பதில் 'பி' எழுத்தில் தொடங்கும் திட்ட எண். அவர்களுக்குக் கட்டணமும் குறைவு, பொதுவாக 220 டாலர். ஜே-1 என்றால் அழைத்த நிறுவனமே கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, கட்டுவதற்கு முன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பிறந்த தேதிக்கு வருவோம். அமெரிக்கத் தளம் மாதத்தை முதலில் கேட்கும், நாளை அடுத்து. 25ஆம் தேதி பிறந்தவருக்குப் பிரச்சினை இல்லை. 25 என்று ஒரு மாதம் கிடையாது, தளமே பிழை காட்டும். 4ஆம் தேதி ஜூலையில் பிறந்தவர் நம் ஊர்ப் பழக்கத்தில் 04/07 என்று அடித்தால், தளம் அவரை ஏப்ரல் 7இல் பிறக்கவைத்துவிட்டு அமைதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஒன்று முதல் பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்த எல்லோரும் இந்தக் கட்டத்தை இரண்டு தடவை பாருங்கள்.

தமிழ்ப் பெயரும் கடைசிப் பெயரும்

நம்மவர்களுக்கு என்றே உள்ள சிக்கல் இது. நம் பாஸ்போர்ட்டுகள் மூன்று விதம். அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டவை ஒரு விதம். இவர்களுக்குக் கவலை இல்லை. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, கிவன் நேம் கட்டத்தில் தன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து எழுதியவை இரண்டாவது. அதே காலி சர்நேமோடு தன் பெயர் ஒன்று மட்டும் இருப்பவை மூன்றாவது.

பிந்தைய இரண்டு விதக்காரர்களுக்கும் செவிஸில் நடப்பது இது: பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்துக்குப் போகும், கிவன் நேம் காலியாக இருக்கும். உதாரணமாக, பாஸ்போர்ட்டின் கிவன் நேமில் 'கார்த்திகா முருகேசன்' என்று இருந்து சர்நேம் காலியாக இருந்தால், ஐ-20இல் சர்நேம் 'கார்த்திகா முருகேசன்'. இப்போது ஐ-901 படிவத்தில் கடைசிப் பெயர் கேட்கும்போது கை தானாக 'முருகேசன்' என்று மட்டும் அடிக்கும். அடிக்கக்கூடாது. ஐ-20 என்ன சொல்கிறதோ அதே. முழுப் பெயரும் கடைசிப் பெயர்க் கட்டத்தில்.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160இல் விதி கொஞ்சம் வேறு. அங்கே கிவன் நேமைக் காலியாக விட முடியாது, 'எஃப்என்யூ' என்று மூன்று ஆங்கில எழுத்தைப் போடச் சொல்வார்கள்; முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயருக்கு நேர்ந்த கதி! போகட்டும். அந்த எஃப்என்யூவை டிஎஸ்-160இலிருந்து தூக்கி வந்து ஐ-901 படிவத்திலும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. இரண்டு துறைகளுக்கும் பெயர் விதி ஒன்றல்ல. ஐ-901க்கு ஐ-20ஐப் பாருங்கள், டிஎஸ்-160க்குப் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்.

ஐ-20இலேயே பெயர் தப்பாக இருந்தால்? பணம் கட்டாதீர்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதித் திருத்திய ஐ-20 வாங்கிக்கொண்டு பிறகு கட்டுங்கள். திருத்தும்போது பெரும்பாலும் செவிஸ் எண் மாறாது. ஆனால் முதலில் கட்டிவிட்டு அப்புறம் பெயரைத் திருத்தினால், ரசீதில் ஒன்றும் ஐ-20இல் ஒன்றுமாக இரண்டு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போய் நிற்க வேண்டி வரும்.

கார்டு ஏன் மறுக்கிறது

படிவம் நிரப்பப் பத்து நிமிடம், கார்டோடு மல்லுக்கட்ட ஒரு மணி நேரம் என்பதுதான் பல வீடுகளில் நிலவரம். காரணம் தளம் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை நாமே வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். அதிலும் இரண்டு சுவிட்ச் இருக்கும்: வெளிநாட்டுப் பயன்பாடு ஒன்று, ஆன்லைன் பயன்பாடு ஒன்று. இரண்டையும் ஆன் செய்த பிறகு, பக்கத்தில் இருக்கும் தினசரி வரம்பையும் பாருங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும், வரம்பு பத்தாயிரம் ரூபாயில் நிற்கும். 350 டாலருக்கு அது எந்த மூலைக்கு?

ஓடிபி வரவில்லையே என்று பயப்படுவதும் வழக்கம். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போவது உண்டு. கார்டு எண், காலாவதி, பின்பக்க மூன்று இலக்கம் போதும். அதனால்தான் வேலை முடிந்ததும் அந்தச் சுவிட்சை மறுபடி அணைத்துவிடச் சொல்கிறோம்.

செலவுக் கணக்கு: கணக்குக்காக ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 350 டாலர் 31,500 ரூபாய். சாதாரணக் கார்டில் அந்நியச் செலாவணி மாற்றத்துக்கு வங்கி கூடுதலாகப் பிடிக்கும் மார்க்கப் 3.5 சதவீதம் என்றால் 1,102 ரூபாய் சொச்சம், அந்த மார்க்கப் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 198 ரூபாய். மொத்தம் 32,800 பக்கம் வரும். 2 சதவீத மார்க்கப் கார்டு என்றால் 32,240 பக்கம். வித்தியாசம் ஐந்நூற்றுச் சொச்சம்தான். டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் மார்க்கப் கிடையாது, அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இந்த ஐந்நூறை மிச்சப்படுத்த என்று புதிய கார்டுக்கு அலைந்து மூன்று நாளைக் கோட்டைவிட வேண்டாம்.

பணம் வங்கியில் பிடித்துவிட்டார்கள், தளத்தில் ரசீது வரவில்லை என்றால் கை துறுதுறுக்கும். மறுபடி கட்டாதீர்கள். பக்கம் பாதியில் நின்றுபோனாலும் பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம். தளத்தின் நிலை பார்க்கும் பகுதியில் அதே மூன்று விவரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே கட்டியதாகக் காட்டினால் ரசீதை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். காட்டவில்லை என்றால் வங்கி வெறுமனே பணத்தை நிறுத்திவைத்திருக்கிறது, சில நாளில் திரும்பி வரும். இரண்டு தடவை கட்டியதற்குப் பணம் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது, அதற்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இரட்டைக் கட்டணம் மாதிரியான தவறுகள் தவிர மற்றபடி இந்த 350 திரும்பாது. போகவில்லை, மனம் மாறிவிட்டது, விசா கிடைக்கவில்லை என்று எதைச் சொன்னாலும் வராது.

திரும்பாதே தவிர, வீணாகாமல் காப்பாற்ற வழி உண்டு. விசா மறுக்கப்பட்டு 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தால் செவிஸ் கட்டணம் மறுபடி கட்ட வேண்டாம். வேறு கல்லூரிக்கு மாறி, புது ஐ-20இல் புது செவிஸ் எண் வந்தாலும், பழைய எண்ணில் கட்டியதைப் புது எண்ணுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். இது தானாக நடக்காது. நாமே கேட்டு, மாறிவிட்டதா என்று நிலையைப் பார்த்து, புது எண் போட்ட ரசீதை எடுக்க வேண்டும். அதே கல்லூரியில் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைத்தால் வழக்கமாக எண் அப்படியே இருக்கும், ரசீதும் அப்படியே செல்லும். படிப்பின் நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்துவிட்டுப் புது எண்ணோடு திரும்புகிறவர் மட்டும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் நாலு ஐ-20 வைத்திருப்பவர்கள் நாலுக்கும் கட்ட வேண்டாம். நேர்காணலில் எந்த ஐ-20ஐக் காட்டப்போகிறீர்களோ அதற்கு மட்டும். மனைவி, கணவர், குழந்தை என்று எஃப்-2இல் கூட வருகிறவர்களுக்கு ஐ-901 கிடையாது. ஆனால் அடுத்து வரும் 185 டாலர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு.

இந்தக் கட்டணம் 2004இல் தொடங்கியபோது 100 டாலர். 2008இல் 200 ஆனது, 2019 ஜூன் 24 முதல் 350. அதனால் பழைய வீடியோக்களில் 200 என்று கேட்டுவிட்டுத் தளம் ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டாம்.

185 டாலர் போர்ட்டல்

இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் யூஎஸ்விசாஷெட்யூலிங் டாட் காம் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, அதிலேயே கட்டணமும் கட்டி, அதிலேயே நேர்காணலுக்கான தேதியும் நேரமும், அதாவது ஸ்லாட்டும், எடுக்க வேண்டும். இதுவும் டாட் காம். போதாததற்கு, லாகின் செய்யும்போது முகவரிப் பட்டையில் முற்றிலும் வேறு பெயர் ஒன்று தெரியும். அட்லஸ்ஆத் என்று தொடங்கும் அந்தப் பெயரைப் பார்த்துப் போலித் தளம் என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. போலி இல்லை, லாகின் அங்கேதான் நடக்கிறது. பாதுகாப்புக் கேள்விகளுக்குக் கொடுக்கும் பதிலை எழுத்துக்கு எழுத்து அப்படியே எங்காவது குறித்துவையுங்கள். முதல் நாள் 'மதுரை' என்பதை ஒரு ஸ்பெல்லிங்கிலும் மூன்றாம் வாரம் வேறு ஸ்பெல்லிங்கிலும் அடித்தால் உங்கள் ஊர் உங்களுக்கே தெரியாது என்றாகிவிடும்.

டிஎஸ்-160 படிவம் நிரப்ப இலவசம். அது இருப்பது வெளியுறவுத் துறையின் டாட் கவ் தளத்தில். அதை முடித்தால் கிடைக்கும் உறுதிப்படுத்தல் எண்ணைத்தான் போர்ட்டலில் கொடுக்கிறோம். டிஎஸ்-160இல் பிழை இருந்து புதிதாக ஒன்று நிரப்பினால் எண் மாறும். போர்ட்டலிலும் அதை மாற்ற வேண்டும். பழைய எண்ணோடு ஸ்லாட், புது எண்ணோடு பிரிண்ட் என்று போனால் வாசலிலேயே சிக்கல்.

கட்டணம் டாலரில் சொன்னாலும் கட்டுவது ரூபாயில். அந்த ரூபாய் மதிப்பு கூகுள் காட்டும் மதிப்பு அல்ல. தூதரகம் தனக்கென்று ஒரு மாற்று விகிதம் வைத்திருக்கிறது, கன்சுலர் விகிதம் என்பார்கள், அதன்படிதான். வழக்கமாகச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அதனால் நாமாகப் பெருக்கிப் பார்த்து அனுப்பக்கூடாது. நெஃப்ட் வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்புகிறவர்கள், போர்ட்டல் தரும் கட்டணச் சீட்டில் இருக்கும் தொகையை ஒரு ரூபாய்கூட மாற்றாமல் அனுப்ப வேண்டும். சீட்டில் உள்ள பெறுநர் கணக்கு எண் அந்த விண்ணப்பத்துக்கு என்று உருவாக்கியது. தம்பிக்கு வந்த சீட்டின் எண்ணை வங்கி ஆப்பில் சேமித்துவைத்துவிட்டு, அடுத்த வருடம் தங்கைக்கும் அதையே தட்டினால் பணம் ஒட்டாது. சீட்டுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் 24 மணி நேரமும் ஓடுகிறது என்றாலும், வங்கியிலிருந்து பணம் போவது வேறு, போர்ட்டல் அதைப் பதிவுசெய்து ஸ்லாட் பக்கத்தைத் திறந்துவிடுவது வேறு. ராத்திரி 11 மணிக்கு அனுப்பிவிட்டு 11:05க்கு ஸ்லாட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னும் சில விதிகளைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இந்த 185 டாலர் கட்டிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். அதற்குள் ஸ்லாட் எடுத்துவிட வேண்டும், நேர்காணல் பிறகு நடந்தாலும் பரவாயில்லை. ஒருவர் கட்டியதை மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நேர்காணல் தேதியை ஒரு தடவைதான் இலவசமாக மாற்றலாம். இரண்டாம் தடவை மாற்றினாலோ, வராமல் விட்டாலோ மறுபடி 185. ஸ்லாட்டைத் தொட்டுத் தொட்டு முன்னால் இழுக்கும் பழைய விளையாட்டு இனி நடக்காது. கிடைத்ததை எடுத்துவைத்துவிட்டு, உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்துங்கள்.

மறுப்பிலும் இரண்டு வகை இருக்கிறது, பணத்துக்கு அது முக்கியம். 214(பி) என்று சீட்டுக் கொடுத்தால் கதவை மூடிவிட்டார்கள். மறுபடி போக வேண்டுமென்றால் புது விண்ணப்பம், புது 185. 221(ஜி) என்றால் ஏதோ ஒரு காகிதமோ சரிபார்ப்போ பாக்கி. அதே விண்ணப்பம் தொடர்கிறது, பணம் கேட்க மாட்டார்கள். ஆக, ஒரு தடவை மறுத்து இரண்டாம் தடவை கிடைத்தவர் கட்டியது 350 ஒரு தடவை, 185 இரண்டு தடவை, மொத்தம் 720 டாலர். இரண்டாம் தடவையும் ஐ-901 கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் 12 மாத விதியை எடுத்துக் காட்டுங்கள்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம் 250 டாலர் விசா இன்டெக்ரிட்டி கட்டணம் என்று இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது. சட்டத்தின்படி அது விசா வழங்கும்போது வாங்க வேண்டியது, விண்ணப்பத்தோடு அல்ல. எனவே இதையும் முன்கூட்டியே கட்டித்தருகிறோம் என்று கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விசா விஷயத்தில் எந்தத் தொகையையும் கட்டும் அன்றைக்குத் தூதரகத் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள்.

எதை முதலில்

எங்கள் சிபாரிசு: ஐ-20 கைக்கு வந்து பெயரும் தேதியும் சரிபார்த்ததும் டிஎஸ்-160, உடனே 185, உடனே ஸ்லாட். ஐ-901ஐ ஸ்லாட் கிடைத்த பிறகு கட்டலாம். ஸ்லாட்டுக்குத்தான் போட்டி, செவிஸ் கட்டணத்துக்கு வரிசை இல்லை. கல்லூரி எது என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது என்றால் ஐ-901ஐக் கொஞ்சம் தள்ளிப்போடுவதில் லாபமும் உண்டு, எண் மாற்றும் வேலை மிச்சம்.

ஆனால் கடைசி நாள் வரை இழுக்கக்கூடாது. நேர்காணலுக்குக் குறைந்தது மூன்று வேலை நாளுக்கு முன் கட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் கன்சுலேட்டின் திரையில் அது தெரியும். மூன்று நாள் என்பது அமெரிக்க வேலை நாள். ஆகஸ்ட்டில் படிப்புத் தொடங்குகிறவர்கள் அலைமோதும் மே, ஜூன், ஜூலை மாதங்களில்தான் அவர்களுடைய விடுமுறைகளும் வருகின்றன: மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, ஜூன் 19 ஜூன்டீன்த், ஜூலை 4 சுதந்திர தினம். உதாரணமாக ஜூலை 4 வெள்ளிக்கிழமை வரும் வருடத்தில், நேர்காணல் 8ஆம் தேதி செவ்வாய் என்று வையுங்கள். 3ஆம் தேதி வியாழன் சாயங்காலம் கட்டினால் ஐந்து நாள் இருக்கிறதே என்று தோன்றும். வெள்ளி விடுமுறை, சனி ஞாயிறு போய்விட்டது. மிஞ்சுவது திங்கள் ஒன்றுதான். பத்து நாள் முன்பே கட்டிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கட்டித் தருகிறோம் என்பவர்கள்

கன்சல்டன்சிகளும் பிரவுசிங் சென்டர்களும் இந்த இரண்டையும் கட்டித்தர "சர்வீஸ் சார்ஜ்" வாங்குகிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கார்டே இல்லாத வீட்டுக்கு அது உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்தால் இரண்டு நிபந்தனை வையுங்கள். படிவத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைத்தான் போட வேண்டும், அவர்களுடையது அல்ல. போர்ட்டல் பாஸ்வேர்டு, பாதுகாப்புக் கேள்வியின் பதில்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அவர்களிடம் இருந்துவிட்டால், பாக்கி வராமல் ஸ்லாட் விவரம் தரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். "டாலர் ரேட்" என்று அவர்கள் சொல்லும் ரூபாய்த் தொகையை, தளத்தில் காட்டும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் அங்கேயும் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

மற்ற நாடுகளோடு

ஒப்பிட்டால் அமெரிக்கா விலையில் நடுத்தரம். கனடா படிப்பு அனுமதி 150 கனடா டாலர், பயோமெட்ரிக் 85, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே தடவையில் முடியும். எளிமையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆஸ்திரேலியா 2025 ஜூலை 1 முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர் வாங்குகிறது. பிரிட்டனில் விசா கட்டணத்தைவிட மருத்துவ சர்சார்ஜ்தான் பெரிது: மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்ட். ஒரு வருட முதுகலைக்கு விசா ஒரு வருடத்துக்கு மேல் நீளும் என்பதால் அரை வருடத்துக்கும் சேர்த்து 1,164 பவுண்ட் வரும். பிரிட்டன் ஒரு விஷயத்தில் நியாயம்: விசா மறுத்தால் அந்தச் சர்சார்ஜைத் திருப்பித் தந்துவிடும். அமெரிக்கா எதையும் தராது.

கனடாக் குடியுரிமை வாங்கிய டொரன்டோத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் படிக்க உங்களுக்கு எஃப்-1 விசா முத்திரை வேண்டாம், அதனால் 185 இல்லை. ஆனால் ஐ-901 உண்டு, எல்லைக்கு வருவதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். விசா வேண்டாம் என்பதைக் கட்டணமே வேண்டாம் என்று புரிந்துகொண்டு எல்லையில் போய் நிற்பவர்கள் உண்டு.

கடைசியாக, அந்த ஐ-901 ரசீது. சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துக் கன்சுலேட்டில் காட்டியதும் அதன் வேலை முடிந்தது என்று ஃபைலோடு வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அமெரிக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி ஐ-20ஓடு சேர்த்து அதையும் கேட்கலாம். இரண்டு பிரிண்ட் எடுங்கள். ஒன்றை ஐ-20க்குப் பின்னால் செருகிக் கைப்பையில் வையுங்கள்; பெரிய பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிட்டால், கேட்கும் இடத்தில் அது உங்கள் கையில் இருக்காது. பெட்டி வருவது குடிவரவைத் தாண்டிய பிறகுதான்.